பூத்தும் காய்க்காத இடலை

வால்பாறைக்கு ஆசிரியப் பணிக்காக வந்த முதல் ஆண்டு முழுவதும், என் வீட்டிலிருந்து பள்ளிக்குச் செல்லும் குறுக்குப் பாதையில், தேயிலைச் சரிவு முடிந்து சோலை தொடங்கும் விளிம்பில் நின்ற ஒரு மரத்தை நான் நாவல் மரம் என்றே எண்ணியிருந்தேன். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வெட்டப்படாமல் எஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளைத்தான் இங்கே சோலை என்கிறார்கள். வெடிப்பலாவும் கருங்குங்கிலியமும் அண்ணாந்து பார்க்கும்படி உயர்ந்து நிற்கும் அந்தச் சோலையில், அவற்றின் நிழலுக்குக் கீழே இரண்டாம் அடுக்கில் நிற்கும் மரம் அது. நாற்பது அடிக்குச் சற்று மேற்பட்ட உயரம், சொரசொரப்பான பழுப்பு நிறப் பட்டை, எதிரெதிராக அமைந்த நீள்வட்ட இலைகள். ஒவ்வோர் இலையின் நுனியும் மழைநீர் வடிவதற்கென்றே யாரோ இழுத்துவிட்டதுபோல் கூர்மையாக நீண்டிருந்தது. வழிப்போக்கர் எவரையும் நிறுத்தி வைக்கும் மரம் அன்று அது. என்னையும் நெடுநாள் நிறுத்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை சற்று ஓய்ந்திருந்த வேளையில், மாணவர்களுக்குக் காட்டலாம் என்று அதன் இலையொன்றைப் பறித்துக் கசக்கி முகர்ந்தபோதுதான் என் எண்ணம் ஆட்டம் கண்டது. நாவல் இலையைக் கசக்கினால் வரும் அந்தக் காரமும் இனிப்பும் கலந்த மணம் இதில் இல்லை. இன்னோர் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். நாவல் இலையில் ஊசியால் குத்தினாற்போலத் தெரியும் எண்ணெய்ப் புள்ளிகளும், விளிம்பையொட்டியே ஓடும் மெல்லிய நரம்பும் இதில் காணப்படவில்லை. அதைவிட வியப்பாக, ஒரே கிளையில் சில இலைகளின் விளிம்பு மழமழவென்றிருக்க, வேறு சிலவற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு பற்கள் இருந்தன. ஓர் இலைச்சோடி கிழக்கு மேற்காக நின்றால் அதற்கடுத்த சோடி வடக்கு தெற்காக நின்றது. இளங்கிளைகளின் மேல்தோலில், மரம் மூச்சுவிடும் வெண்ணிறத் துளைகள் மேடிட்டுத் தடவும் விரலுக்குத் தட்டுப்பட்டன. இவ்வளவையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேனே தவிர, மரத்தின் பெயர் மட்டும் பிடிபடவில்லை.

பெயரைச் சொன்னது பூ. பனி குறைந்துவந்த பிப்ரவரி மாதத்தில் இலைக்கோணங்களிலிருந்து கிளைத்த கொத்துகளில், அரிசி நொய்யைவிடச் சற்றே பெரிய, பாலேட்டு நிறப் பூக்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸை ஒரு பூவின் மேல் வைத்துக் குனிந்தேன். நான்கு சிறிய இதழ்கள் உட்புறமாக மடிந்திருந்தன. அவற்றின் நடுவே இரண்டே இரண்டு மகரந்தத்தாள்கள் தடித்த தலைகளோடு எதிரெதிராக நின்றன. தாவரவியல் படித்த எவருக்கும் அந்த இரண்டு என்ற எண் ஒரு குடும்பத்தை நினைவூட்டும். இதழ்கள் நான்கோ ஐந்தோ எட்டோ ஆகட்டும், மகரந்தத்தாள் இரண்டாகவே இருப்பது ஒலிவக் குடும்பத்தின் வழக்கம். மல்லிகை, முல்லை, பிச்சி, விடியற்காலையில் முற்றம் நிறைய உதிரும் பவளமல்லி ஆகிய அனைத்தும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. லின்னேயஸ் 1753இல் தாவரங்களை மகரந்தத்தாள்களின் எண்ணிக்கையைக் கொண்டு வகுத்தபோது மல்லிகையையும் பவளமல்லியையும் ஒலிவத்தையும் 'இரண்டு மகரந்தத்தாள்' வகுப்பில் ஒன்றாக வைத்தார். அவருடைய வகுப்பு முறை பின்னாளில் கைவிடப்பட்டது. ஆனால் இந்த மூன்றும் இன்றும் ஒரே குடும்பத்தில்தான் இருக்கின்றன. தலையில் சூடும் பூவைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் மனம் வராது என்பது உண்மைதான். ஆனாலும் வாடிப்போன ஒரு மல்லிகையின் குழலை நகத்தால் மெல்லக் கிழித்துப் பாருங்கள்; உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டையும் காணலாம்.

அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு சென்றபோது மரத்தின் பெயர் கிடைத்தது: இடலை. மலையாளத்தில் இதைக் கரிவெட்டி என்கிறார்கள். மராத்தியில் பார்ஜாம்ப் என்று பெயர். அந்தப் பெயரில் நாவலின் சாயல் ஒலிப்பதைக் கேட்டபோது, மரத்தைப் பார்த்து ஏமாந்தவள் நான் மட்டும் அல்லள் என்று தோன்றியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம் வரையுள்ள பசுமைமாறாக் காடுகளிலும் அரைப்பசுமைக் காடுகளிலும், வடகிழக்கு இந்தியாவிலும், வங்கதேசத்திலும், மியான்மரிலும் இடலை வளர்கிறது. கன்னிக்காட்டை மட்டுமே நம்பி வாழும் மரம் அல்ல இது. ஒருமுறை வெட்டுப்பட்டுத் தேறிவரும் காடுகளிலும், தோட்டங்களுக்கு இடையே ஒடுங்கிக் கிடக்கும் சோலைகளிலும் இதைக் காணலாம்.

ஒலிவம் என்ற சொல் நமக்குப் புதியதன்று. தமிழ்க் கிறித்தவர்கள் நோவாவின் புறா கொத்திவந்த ஒலிவ இலையாகவும் ஒலிவ மலையாகவும் அதை அறிவார்கள். தமிழ் இசுலாமியர்கள் ஜைத்தூன் என்று அறிவார்கள். ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் வளர்ப்பு மரமாக்கப்பட்ட அந்த ஒலிவத்தையும், ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஆனைமலையின் இந்த மரத்தையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் உறவு சட்டென்று புலப்படாது. ஒலிவம், வறண்ட கோடையையும் குளிர்கால மழையையும் தாங்கி வாழும் மரம். அதன் இலை சிறியது, தடித்தது, நீர் வீணாகாதபடி அடிப்புறம் முழுவதும் வெள்ளி நிறச் செதில்கள் போர்த்தியது. இடலைக்கோ நீரைச் சேமிக்கும் கவலை குறைவு, வழித்து ஊற்றும் தேவையே மிகுதி. ஆகவே இலை ஒரு சாண் நீளத்தை எட்டும், பச்சையாகவே இருக்கும், நுனி நீண்டிருக்கும். ஆனால் இலைகளின் எதிரடுக்கும், பூவின் இரட்டை மகரந்தத்தாளும், வெளியே சதையும் உள்ளே கெட்டியான ஒற்றைக் கொட்டையுமாக அமைந்த கனியும் இரண்டுக்கும் பொதுவானவை. உறவு எவ்வளவு நெருக்கமானது என்பதில் தாவரவியலாளர்களிடையே கருத்து மாறிவருகிறது. ஒலிவப் பேரினத்திலேயே நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்த இடலையை, ஆஸ்திரேலியத் தாவரவியலாளர் லாரன்ஸ் ஜான்சன் 1957இல் டெட்ராபைலஸ் என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றினார். அண்மைக்கால மரபணு ஆய்வுகளும் அந்தப் பிரிப்பின் பக்கமே நிற்கின்றன. ஆகவே இதை ஒலிவத்தின் உடன்பிறப்பு என்பதைவிடப் பங்காளி என்று சொல்வது பொருத்தமாக இருக்கும்.

பெயர் தெரிந்தபின் பழத்தைப் பார்க்க ஆசை வந்தது. எங்கள் பகுதியில் சிதைந்த சோலைகளை மீட்பதற்காகக் காட்டு மர நாற்றுகளை வளர்க்கும் ஒரு நாற்றுப்பண்ணையில், விடுமுறை நாள்களில் நானும் உதவிக்குச் செல்வதுண்டு. அங்கே இடலை நாற்று ஒன்றுகூட இல்லை. அந்தக் குறையை என் மரத்தைக் கொண்டு தீர்த்துவிடலாம் என்று நம்பி, அவ்வாண்டு மே மாதத்தில் துணிப்பையோடு அதன் அடியில் போய் நின்றேன். தரையில் பழுத்த இலைகளைத் தவிர வேறெதுவும் இல்லை. மலையணில் முந்திக்கொண்டது என்று நினைத்தேன். மறு ஆண்டும் மரம் கிளை தெரியாமல் பூத்தது. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. பூத்த வாரத்தில் பெய்த மழையைக் குறை சொன்னேன். மூன்றாம் ஆண்டு பூத்த நாள்முதல் வாரம் இரண்டு முறை சென்று பார்த்தேன். சிறு ஈக்களும் கொசுத்தேனீக்களும் பூக்களை மொய்த்தன; மழையும் இல்லை; அப்படியிருந்தும் பூக்கள் காம்போடு உதிர்ந்து பாதையில் வெண்துகளாகக் கிடந்தன. காரணம் புரியாமல் நாற்றுப்பண்ணையில் சொன்னபோது, அங்கே இருபது ஆண்டுகளாக வேலை செய்யும் அக்கா, மண் நிரப்பிக்கொண்டிருந்த பையிலிருந்து தலை நிமிராமலேயே சொன்னார்:

"அது காய்க்காத மரம் டீச்சர். நான் கொழுந்து பறிக்க வந்த காலத்திலிருந்து பார்க்கிறேன், பூக்கும், கொட்டும், அவ்வளவுதான். பனையில் ஆண்பனை இல்லையா, அது மாதிரி."

மூன்று ஆண்டுகள் நான் தேடிய விடை, அந்த மரத்தின் அறிவியல் பெயரிலேயே எழுதப்பட்டிருந்தது. ஒலேயா டையோய்கா என்ற பெயரை இதற்கு இட்டவர் ஸ்காட்லாந்தில் பிறந்த வில்லியம் ராக்ஸ்பர்க். 1793முதல் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த அவர், இந்தியத் தாவரங்களைப் பற்றி எழுதிவைத்த விவரங்கள், அவர் 1815இல் மறைந்தபின், செராம்பூரில் வில்லியம் கேரியின் முயற்சியால் 1820இல் அச்சாகத் தொடங்கின. இடலையின் முதல் விவரணை அந்தத் தொகுதியில்தான் வெளிவந்தது. (ராக்ஸ்பர்க்குக்காக இந்திய ஓவியர்கள் வரைந்த 2,500க்கும் மேற்பட்ட தாவரப் படங்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றை வரைந்தவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் பதிவாகாமலே போனது என்னை இன்றும் வருத்துகிறது.) டையோய்கா என்றால் இரண்டு வீடுகள் என்று பொருள்; ஆணுக்கு ஒரு மரம், பெண்ணுக்கு வேறொரு மரம். நம் பாடநூல்கள் இத்தகைய தாவரங்களை ஈரில்லத் தாவரங்கள் என்கின்றன. அச்சொல்லை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிவந்த எனக்கு, அதை மரத்தின் கீழ் நின்று நினைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

பனையை அறிந்த தமிழர்களுக்கு இதில் புதிராக எதுவும் இல்லை. ஆண்பனை பாளை விடும், பதநீர் தரும், நுங்கு தராது. திருவோத்தூரில் ஆண்பனைகள் காய்க்கவில்லை என்று வருந்திய அடியாருக்காகத் திருஞானசம்பந்தர் பாட, அவை குலை தள்ளின என்று அவருடைய வரலாறு கூறுகிறது. அந்த அற்புதத்தின் அருமை, ஆண்பனை காய்க்காது என்பதை ஊரே அறிந்திருந்தால்தான் விளங்கும். சாதிக்காய் பயிரிடுபவர்களும், நட்டுப் பல ஆண்டுகள் கழித்துப் பூக்கும்போதுதான் எது ஆண், எது பெண் என்று தெரிவதால், பெண் மரத்தின் கிளையை ஒட்டுக்கட்டி வளர்க்கிறார்கள். மகரந்தத்துக்காகச் சில ஆண் மரங்களை மட்டும் விட்டுவைக்கிறார்கள். காட்டு மரங்களை நோக்கும்போது மட்டும் நாம் இந்த அறிவை மறந்துவிடுகிறோம். காட்டு மரம் என்றதும் அதற்குத் துணை தேவையில்லை, தானாக முளைத்துத் தானாகப் பெருகும் என்ற நினைப்பு நமக்குள் எப்படியோ குடிபுகுந்துவிட்டது.

இடலையின் நிலை பனையைவிடவும் சற்று நுட்பமானது. காய்க்கும் மரத்தின் பூவிலும் மகரந்தத்தாள்கள் உண்டு. ஆகவே அதைப் பெண் மரம் என்று சொல்வதைவிட இருபால் பூக்களைத் தாங்கும் மரம் என்று சொல்வதே சரி. மற்றொரு வகை மரத்தில் ஆண் பூக்கள் மட்டுமே இருக்கும். வளர்ப்பு ஒலிவத்தில் இந்த இரண்டு வகைப் பூக்களும் ஒரே மரத்தில், பலவேளைகளில் ஒரே கொத்தில்கூடக் கலந்து வரும். இடலை அவற்றைத் தனித்தனி மரங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. இதைக் கண்ணால் காண விரும்பி, நான்காம் ஆண்டு பிப்ரவரியில் அந்தச் சோலை முழுவதும் நடந்து இடலைகளைத் தேடினேன். அட்டைகளுக்குப் பயந்து உப்புப் பொட்டலமும் கையுமாக மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்ததில் மொத்தம் ஐந்து மரங்கள் கிடைத்தன. என் மரம் உட்பட மூன்றில், பூவின் நடுவே சூற்பை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மற்ற இரண்டின் பூக்களில், இரு மகரந்தத்தாள்களுக்கும் நடுவே கடுகைவிடச் சிறிய பச்சைக் குடுவையொன்று உட்கார்ந்திருந்தது. அதைச் சவரக்கத்தியால் குறுக்கே வெட்டி லென்ஸின் கீழ் வைத்தபோது இரண்டு அறைகள் தெரிந்தன. அறைக்கு இரண்டாக நான்கு சூல்கள் இருந்தாலும், கடைசியில் ஒன்றுதான் விதையாகிறது; மற்ற மூன்றும் இடையிலேயே சுருங்கிவிடுகின்றன. ஆயிரம் பூக்களில் சில பத்துகள் காயாகி, ஒவ்வொரு காயிலும் நான்கில் ஒன்று விதையாகி, அவ்விதையைச் சுமந்து செல்ல ஒரு பறவையும் வந்து சேர வேண்டும் என்பதை எண்ணியபோது, சோலையில் நிற்கும் ஒவ்வோர் இடலைக்கும் பின்னால் எத்தனை தற்செயல்கள் கூடி வந்திருக்கின்றன என்ற மலைப்பு ஏற்பட்டது.

மே மாதத்தில் அந்த இரண்டு மரங்களும் காய்த்தன. முதலில் பச்சை, பிறகு செந்நீலம், கடைசியில் ஏறத்தாழ கருமை. அரை அங்குல நீளமுள்ள, உருண்டு நீண்ட கனி. விரலால் அழுத்தினால் மெல்லிய சதை நழுவிக் கொட்டை வெளியே வந்துவிடுகிறது. எண்ணெய் எடுப்பதற்கான செழிப்பெல்லாம் அச்சதையில் இல்லை. ஆனால் பறவைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. காலை ஏழு மணிக்கு நான் போய் நின்றபோது குக்குறுவான்களும் கொண்டைக்குருவிகளும் ஏற்கெனவே வந்திருந்தன. ஒரு குக்குறுவான் ஐந்தாறு பழங்களை விழுங்கிவிட்டு, தேயிலைச் சரிவைக் கடந்து எதிரே இருந்த வேறொரு சோலைக்குப் பறந்து சென்றது. மரத்தால் எடுத்துவைக்க முடியாத அடியை அதற்காக எடுத்துவைக்கும் அந்தச் சிறகுகளை, கண்ணுக்கு எட்டிய தொலைவுவரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த ஆண்டு சேகரித்த கொட்டைகளைச் சதை நீங்கக் கழுவி, மணலும் மண்ணும் கலந்த பாத்தியில் அக்காவும் நானும் ஊன்றினோம். ஓடு கெட்டியானது என்பதால் முளைக்க மாதக்கணக்கில் ஆயிற்று. சிலவற்றை எலி தின்றது. முளைத்தவற்றைப் பைகளுக்கு மாற்றியபோது எண்ணிக்கை இருபத்து மூன்று.

இவற்றைப் பைகளில் வளர்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான், காய்த்த இரண்டு மரங்களில் ஒன்று வெட்டப்பட்டது. மின்கம்பிப் பாதையைச் சீராக்குவதற்காகச் சோலையின் ஓரத்தில் ஒரு வரிசை மரங்களை எடுத்தார்கள். அந்த வரிசையில் அதுவும் இருந்தது. நான் போய்க் கேட்டபோது, ஒரு மரத்துக்குப் பத்து நாற்றுகள் என்ற கணக்கில் வேறிடத்தில் நட்டுத் தருவதாகப் பொறுமையாகவே பதில் சொன்னார்கள். அந்த விடையில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் எதன் நாற்றுகள் என்ற கேள்விக்கு அவர்களிடம் விடை இல்லை. வெட்டப்பட்டது அந்தச் சோலையில் காய்க்கும் இரண்டு இடலைகளில் ஒன்று, அதாவது அங்கே ஆண்டுதோறும் விழுந்த விதையில் ஏறத்தாழ பாதி என்பதைப் பதிவு செய்ய அவர்கள் படிவத்தில் இடமும் இல்லை. மரங்களைத் தலைக்கட்டாக எண்ணும்போது ஐந்து நான்காயிற்று. காய்ப்பை வைத்து எண்ணினால் இரண்டு ஒன்றாயிற்று. எஞ்சிய அந்த ஒன்றும் காற்றில் சாய்ந்துவிட்டால், மூன்று ஆண் மரங்கள் இன்னும் பல பத்தாண்டுகள் பிப்ரவரிதோறும் பூத்துக்கொண்டே இருக்கும். பார்ப்பவர்களுக்கு அந்தச் சோலையில் இடலை செழிப்பாக இருப்பதாகத்தான் தோன்றும்.

வெட்டிய மரத்தின் அடிமரத்தை எடுத்துச் செல்வதற்கு முன் ஒருநாள் போய்ப் பார்த்தேன். வெட்டுவாயில் மரம் வெளிர் நிறமாக, நெருங்கிய இழையோடு இருந்தது. இக்குடும்பத்தில் உறுதியான மரங்கள் பல உண்டு. நம் வறண்ட காடுகளில் வளரும் மகலிங்க மரத்தின் கட்டையில்தான் நெசவுத்தறியின் படைமரங்கள் செய்தார்கள். ஆப்பிரிக்காவில் வளரும் ஒலிவ இனமொன்றின் கட்டை நீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானது. இடலையின் கட்டைக்கு அப்படிப்பட்ட புகழ் இல்லை. அது விறகாகப் போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

வளர்ந்த இருபத்து மூன்றில் பத்தொன்பது நாற்றுகள் நடும் நிலைக்கு வந்தன. எதிர்ச் சோலைக்கு ஒரு பங்கை அனுப்பிவிட்டு, ஏழு நாற்றுகளை இந்தச் சோலைக்கென்று வைத்துக்கொண்டோம். ஒன்றிரண்டு போதாதா என்று நாற்றுப்பண்ணைக்குப் புதிதாக வந்த இளைஞர் கேட்டபோது, அக்காவே விளக்கம் சொன்னார்: ஒன்று நட்டால் அது என்னவாகும் என்று தெரியாது, இரண்டு நட்டால் இரண்டும் ஆணாகப் போகலாம், ஏழு நட்டால் ஏதோ ஒன்றாவது காய்க்கும். நாற்றின் இலையைப் பார்த்தோ தண்டைப் பார்த்தோ அதன் பாலைச் சொல்ல எங்களுக்கு வழி தெரியவில்லை. சிறிய நாற்றுகளின் இலை விளிம்புகளில், பெரிய மரத்தில் காண்பதைவிடத் தெளிவான பற்கள் இருக்கின்றன. ஏழிலும் அப்படித்தான் இருந்தன.

ஜூன் மாதத்தின் முதல் மழையில் அவற்றை நட்டோம். மூன்றை மின்கம்பிப் பாதைக்கு எட்டாத உட்புறத்திலும், இரண்டை எஞ்சிய காய்மரத்துக்கு அருகிலும், இரண்டை நான் நாவலென்று நினைத்திருந்த அந்த ஆண் மரத்திலிருந்து முப்பது அடி தள்ளியும் வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மூங்கில் குச்சியும் எண் பொறித்த தகடும் உண்டு. பண்ணைப் பதிவேட்டில் இனம், நட்ட நாள், உயரம், பால் என்று நான்கு பத்திகளை நானே கோடு போட்டு எழுதினேன். முதல் மூன்றும் நிரம்பிவிட்டன. நான்காவதை, அவை பூக்கும் ஆண்டில் யார் இங்கே இருக்கிறார்களோ அவர்கள் லென்ஸோடு வந்து எழுத வேண்டும் என்று, பதிவேட்டின் முதல் பக்கத்தில் குறிப்பு வைத்திருக்கிறேன்.